ஓய்வு ரத்தம்

ஜூன் 9

அண்ணா,

நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் அண்ணிதான் எடுத்தார். "அவருக்கு முட்டி வலிம்மா, படுத்திருக்கார்" என்றார். பின்னாலேயே நீ பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற சத்தம் கேட்டது. என்மேல் கோபம் வந்தால் நீ பாத்திரத்தைத்தான் அடிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? சரி, பேச வேண்டாம். வாரா வாரம் ஐஸ் பெட்டி உன் கைக்கு வந்துதானே ஆகவேண்டும். அதற்குள் கடிதம் வைத்தால் எடுக்காமல் எங்கே போவாய்?

விஷயம் பெரியது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் ஹாஸ்டலில் இருபது ஓட்டக்காரப் பிள்ளைகள். மலை ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பத்துப் பேருக்குப் பச்சைக் கீரையும் பீட்ரூட்டும் கொடுக்கிறாய். மற்றப் பத்துப் பேருக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு. பாதியில் இரண்டு கூட்டத்தையும் மாற்றிக்கொள்வோம். புதன்கிழமை ஓடி முடித்ததும் நர்ஸ் ரத்தம் எடுக்கிறாள், பெட்டி இங்கே வருகிறது. இதுவரை உனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளை அணுக்களைக் கண்ணாடியில் ஒரு பசைக்குள் பதித்து, தோலைக் கரைத்துவிட்டு, மெல்லிய கரண்ட் கொடுப்போம். உள்ளே இருக்கிற டி.என்.ஏ. நூல்கண்டு மாதிரி. நூல் அறுபடாமல் இருந்தால் கண்டு உருண்டையாக நின்ற இடத்தில் நிற்கும். அறுந்திருந்தால் துண்டுகள் கரண்ட் இழுக்கிற பக்கம் ஒழுகிவிடும். சாயம் போட்டு இருட்டறையில் பார்த்தால் வால் நட்சத்திரம். முன்னால் தலை, பின்னால் ஒளி வால். ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு வானமே இருக்கிறது, அண்ணா. பதினேழு வருஷமாக எண்ணுகிறேன். இன்னும் லென்ஸில் கண்ணை வைக்கும்போது ஒரு நொடி மூச்சு நின்றுதான் வருகிறது.

இப்போது உன் ட்யூப். சைபர் நம்பர் ட்யூப். ஓடாத, வியர்க்காத ஒரு ஆளின் ரத்தம் அதே பெட்டியில் வரவேண்டும். அதில் வால் இல்லையென்றால் பெட்டிப் பயணம் ரத்தத்தைக் கெடுக்கவில்லை என்று அர்த்தம். முதல் ஐந்து பெட்டியிலும் உன் ரத்தம் முழு நிலா மாதிரி இருந்தது. ஆறாவதில் வால் முளைத்திருக்கிறது. அந்த வாரம்தான் புதுப் பெட்டி அனுப்பினோம். ஐஸ் சரியாகத்தான் வைத்தாயா? கோபத்தில் ஏனோதானோ என்று மூடிவிட்டாயா?

தங்கச்சி


ஜூன் 10

ஆய்வுக்கூட மேடம் அவர்களுக்கு,

ஹாஸ்டல் சமையல்காரன் எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கிடைத்தது.

ஐஸ் சரியாகத்தான் வைத்தேன். அடியில் நாலு, சுற்றி ஆறு, மேலே இரண்டு. நடுவில் துணி, துணிமேல் ட்யூப் ஸ்டாண்டு. இருபத்தாறு வருஷமாக மீன் வாங்கி வைக்கிறவனுக்கு ஐஸ் வைக்கச் சொல்லித்தர வேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நிலா, நட்சத்திரம் எல்லாம் நன்றாக இருக்கிறது. வால் முளைத்தால் அது தாங்கள் பார்க்கிற கண்ணாடியின் கோளாறாகவும் இருக்கலாமே.

கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரலில் இந்த ஆய்வைத் தொடங்கும்போது கோச் விசில் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்தார். எங்கள் கோச்சுக்கு விசில் என்றுதான் பெயர், வாயில் அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் தாங்களும் தங்கள் ஆய்வுக்கூடத் தலைமை டாக்டரம்மாவும். டாக்டரம்மா கேட்கிறார், "ரெஸ்ட்ல இருக்கிற ஆள் ஒருத்தர் வேணுமே." தாங்கள் சொல்கிறீர்கள், "எங்க அண்ணன் இருக்காரே. சமையல்தானே, நாள் பூரா அடுப்படியில உட்கார்ந்துதான் இருப்பார். அவரைவிட ஓய்வான ஆள் கிடைக்காது." நான் அப்போது அறுபது பேருக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் தங்கள் அண்ணி, பாத்திரம் தேய்க்கிற அம்மா, விசில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

பிறகு ஒரு படிவம் வந்தது. "கடும் உடல் உழைப்பு" என்று ஒரு கட்டம். "இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு நம்பரும் சைபர். பொருத்தம்தான்.

பெட்டிமேல் பழி போடாதீர்கள்.

சமையல்காரன்


ஜூன் 16

அண்ணா,

"மேடம்" என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் சுட்டது.

நான் சொன்னது தப்புதான். ஆனால் நீயும் யோசி. டாக்டரம்மாவிடம் நம் வீட்டு ஆள் ஒருவரைச் சேர்த்துவிடவேண்டும் என்ற ஆசையில் வாயில் வந்ததைச் சொன்னேன். சமையல் வேலையைக் கேவலமாகச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா? நீ ஓடுகிறவன் இல்லை என்பதுதான் அர்த்தம். அதற்காக இரண்டு மாசமாகப் பேசாமல் இருப்பாயா?

ஏழாவது பெட்டியிலும் உன் ட்யூபில் வால். ஆறாவதைவிட நீளம். கண்ணாடிக் கோளாறு இல்லை, மூன்று பேர் பார்த்துவிட்டோம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடும்போது உடம்பு மூட்டை மூட்டையாக ஆக்சிஜனை எரிக்கிறது. எரிகிற இடத்தில் பொறி பறக்காமல் இருக்குமா? அந்தப் பொறி பக்கத்தில் இருப்பதையெல்லாம் கடிக்கும், டி.என்.ஏ. நூலையும் கடிக்கும். நீ கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுவாயே, வெளியே வைத்தால் கறுத்துப்போகும் என்று. ஏறக்குறைய அதே கதைதான். நம்மை உயிரோடு வைத்திருக்கிற காற்றேதான் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கிற சில சத்துகள் அந்தப் பொறியை வாங்கி அணைக்கும் என்று நினைக்கிறோம். நினைத்தால் போதாது, எண்ணிக் காட்டவேண்டும்.

ஓட்டத்துக்கு முன்னால் ரத்தம் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவைதான் எடுத்தோம். வாரம் இரண்டு தடவை பிள்ளைகளைக் குத்த டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. அதனால் பெட்டி நல்ல பெட்டியா என்று சொல்ல உன் ஒரு ட்யூபைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதிலேயே வால் இருந்தால், பிள்ளைகளின் வால் ஓட்டத்தால் வந்ததா பெட்டியால் வந்ததா என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? இந்த மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆறாவது பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லிவிட்டார். கொட்டினால் மிச்சம் போதாது. ஆய்வே மூடல்.

ஐஸை இரட்டிப்பாக வை. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கச்சி


ஜூன் 17

நண்டு,

ஐஸ் இரட்டிப்பு வைத்துவிட்டேன். பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பழக்கதோஷத்தில் உன் பெயர் வந்துவிட்டது. பக்கவாட்டில் தவழ்ந்தவளுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

கத்தரிக்காய் விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்று காலை ஒரு பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டம், எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பேன், ஒரு தடவையாவது நின்று பார்த்திருக்கிறேனா? கையெல்லாம் சிவப்பு. ஏன் இத்தனை சாயத்தை மண்ணுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறது என்று உன் அண்ணியிடம் கேட்டேன். "வெட்டுங்க மொதல்ல, அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம்" என்றாள். அந்தச் சாயம்தான் பொறியை அணைக்கிறதா? கீரைக்கு எதற்கு அந்த மருந்து? அது எங்கே ஓடுகிறது?

கொட்டிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உருளைக்கிழங்குக் கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள், மின்னல் என்று கூப்பிடுவோம். ஊசி என்றால் நடுங்குவாள். போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். "எங்க ரத்தத்தை வச்சு ஏதோ கண்டுபிடிக்கப்போறாங்களாமே, நெஜமாண்ணே?" என்று கேட்டாள். எங்க நண்டுதான் கண்டுபிடிக்கப்போகுது என்று சொன்னேன். அந்தப் பிள்ளை முகத்தில் என்னமோ ஒரு பெருமை.

கொட்டாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 23

அண்ணா,

கீரை எங்கும் ஓடுவதில்லை, அதுதான் விஷயம். நமக்கு வெயில் சுட்டால் நிழலுக்குப் போவோம். செடி எங்கே போகும்? நாள் முழுக்க அதே வெயிலில் நின்று வெளிச்சத்தைத் தின்னவேண்டும், அந்த வெளிச்சத்தாலேயே கருகிவிடாமலும் இருக்கவேண்டும். அதனால் தனக்கான மருந்தைத் தானே இலைக்குள் செய்து வைத்துக்கொள்கிறது. நாம் அதைப் பிடுங்கித் தின்கிறோம். இதை முதல்முதலில் படித்த அன்று நான் ஆபீஸ் வாசலில் இருந்த தொட்டிச்செடியைப் பார்த்துக் கும்பிட்டேன். வாட்ச்மேன் சிரித்தார்.

இனி கெட்ட செய்தி. இரட்டை ஐஸ் வைத்தும் எட்டாவது பெட்டியில் உன் ட்யூபில் வால். நூறு அணுவில் எழுபதுக்குமேல். சில பிள்ளைகளின் வாலைவிட உன் வால் நீளம். பெட்டிக்குள் சூடு அளக்கிற கருவியைப் பார்த்தேன், வழி முழுக்க ஜில்லென்றுதான் இருந்திருக்கிறது. டாக்டரம்மா கொட்டுவதற்கான தாளில் பாதி எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப்போகிறேன்.

உன்மேல் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்டேன், இப்போது இல்லை. ஒரே ஒரு உதவி. புதன்கிழமை நீ கண் விழித்ததிலிருந்து பெட்டி மூடி விழுகிறவரை என்னென்ன செய்கிறாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. எத்தனை மணிக்கு, எந்தப் பாத்திரம், யார் எதைத் தொட்டார்கள், எல்லாம். இது முக்கியமில்லை என்று நீயாக எதையும் விட்டுவிடாதே. என்மேல் இருக்கிற கோபத்தில் பாதியை எழுதி பாதியை விழுங்கிவிடாதே.

நண்டு


ஜூன் 24

நண்டு,

கேட்டாய், எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உன் டாக்டரம்மாவும் சமைக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

நாலு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். அதையும் எழுதச் சொன்னாய் அல்லவா? நேற்று மிஞ்சின ரொட்டி ஒன்று, டீ. நாலரைக்குக் கிளம்பிக் கீழே ரோட்டுக்கு இறங்கினேன். கீரைக்காரர் அஞ்சு மணிக்கு வண்டியோடு வந்தார். பறித்து நாலு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் வாயில் போகவேண்டும் என்று நீ சட்டம் போட்டிருக்கிறாயே, அதனால் அவரும் பாவம் இருட்டிலேயே பறிக்கிறார். உன் ஒரு கிலோ கீரையை எடைபோட்டு ஈரத்துணியில் சுற்றினேன். இறங்கினவன் ஒரு கிலோவுக்காக வெறுங்கையோடா ஏறுவான்? மற்ற காய்கறி மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். முப்பது கிலோ இருக்கும். மேலே இறக்கிவிட்டு மறுபடி இறங்கிப் பால் கேனைத் தூக்கிவந்தேன், அதுவும் அதே எடை. ஆறரைக்குக் கீரையைக் கழுவி, பத்துத் தட்டில் நிறுத்து வைத்தேன். பத்துத் தட்டில் உருளைக்கிழங்கு. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஏழு மணிக்கு நர்ஸ் பெண்ணிடம் கையை நீட்டினேன். "என்னண்ணே இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். "அடுப்படின்னா வேர்க்காதா?" என்றேன். ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்தாள். பத்து மணிக்குப் பிள்ளைகள் ஓடிமுடித்து வந்தார்கள், அவர்கள் ரத்தமும் சேர்ந்ததும் ஐஸ் அடுக்கி மூடினேன். பெட்டியைத் தலையில் வைத்துப் படியிறங்கி வேனில் ஏற்றினேன். அவ்வளவுதான். இதில் எங்கே கோளாறு?

படி என்றதும் ஞாபகம் வருகிறது. சாமான் ஏற்றுகிற ரோப் தொட்டி ஜூன் பிறந்ததுமே மழையில் கம்பி அறுந்து கிடக்கிறது. பார்ட்ஸ் வரவேண்டுமாம். விசில் வாரம் இரண்டு நாள் கூலிக்கு ஆள் வைத்து மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார். உன் கீரைக்கு அது ஆகாதே, தினம் புதிதாக வேண்டுமே. நின்றுபோனால் உன் ஆய்வும் நின்றுபோகும் என்று நானே தினம் போய்வருகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு படி. பெரிய விஷயமில்லை, முட்டிதான் கொஞ்சம் முணுமுணுக்கிறது.

அண்ணன்


ஜூன் 25

அண்ணா,

இது பெட்டிக்குக் காத்திருக்காமல் வருகிறது. வேன் டிரைவரிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை ஆய்வு மேஜையில் நின்றுகொண்டு படித்தேன். "பல் தேய்த்தேன்" என்ற இடத்தில் சிரித்தேன். "தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்" என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துமுடித்து, மேஜைமேல் கிடந்த அந்தத் தாளை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

பெட்டியில் கோளாறே இல்லை, அண்ணா. பெட்டி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஓய்வு ரத்தம் என்று நாங்கள் எழுதி ஒட்டின ட்யூபில், அறுபது கிலோவைத் தூக்கிக்கொண்டு எண்ணூற்றுச் சொச்சம் படி ஏறின ஒருவனின் ரத்தம் இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நீயா, நானா என்று தெரியவில்லை. நீ "இல்லை" என்று எழுதினாய். அதை நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

நான் கல்லூரியில் படித்த நாலு வருஷமும் நீ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினாய். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, பழகிப்போய், மறந்தும்விட்டேன். இப்போது மூன்று வாரமாக அதே உழைப்பை லென்ஸில் பார்த்துக்கொண்டு, இது ஐஸ் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பெரிதாக வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஆனால் நான் நினைத்தால் போதாது, எண்ணிக் காட்டவேண்டும். ஞாயிறும் திங்களும் படிப்பக்கமே போகாதே. செவ்வாய் காலை இறங்குவதற்கு முன் ஒரு ட்யூப். பிறகு வழக்கம்போல் இரண்டு நடை. முடிந்ததும் ஒரு ட்யூப். புதன் காலை ஏறாமல் மூன்றாவது. இது ஒன்றுதான் இப்போது ஆய்வைக் காப்பாற்றும்.

நண்டு


ஜூலை 1

நண்டு,

மூன்று ட்யூபும் பெட்டியில் இருக்கிறது. நர்ஸ் பெண் மணியோடு எழுதி ஒட்டியிருக்கிறாள்.

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் விசில் என்னை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். "அசைஞ்சீங்கன்னா ஊதிடுவேன்" என்று மிரட்டல் வேறு. காய்கறி ஏற்றப் பெரிய பசங்கள் இரண்டு பேர் போனார்கள். உன் இருபது பேரில் மின்னலும் இன்னும் இரண்டு பேரும் நாங்களும் தூக்குகிறோம் என்று வந்தார்கள். தொடவே கூடாது என்று துரத்திவிட்டேன். அவர்கள் மூட்டை தூக்கினால் அவர்கள் கணக்கும் கெட்டுப்போகுமல்லவா? பார், உன் அண்ணனுக்கும் ஆராய்ச்சி மூளை வந்துவிட்டது.

நம்ம விசில் ஒரு மூட்டையை நானே தூக்குகிறேன் என்று இறங்கினார். இருநூறாவது படியில் உட்கார்ந்துவிட்டாராம். மேலே வந்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "இதைத் தினமுமா செஞ்சீங்க?" என்றார். ஆமாம் என்றேன். ஏப்ரலில் சிரித்தவர்களில் அவரும் ஒருத்தர்.

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். நடுவில் நிறுத்திவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். நூல் அறுந்துபோகிறது என்கிறாயே, தினம் தினம் அறுந்தால் நான் என்ன ஆவேன்?

அண்ணன்


ஜூலை 7

அண்ணா,

முதல் ட்யூப், படி இறங்குவதற்கு முன்: உருண்டை உருண்டையாக நிலா. ஒன்றில்கூட வால் இல்லை. இரண்டாவது, இரண்டு நடைக்குப் பிறகு: எழுபத்து நாலு வால் நட்சத்திரம். எண்ணும்போது எந்தக் கண்ணாடி எது என்று எனக்குத் தெரியாதபடி டாக்டரம்மா மறைத்துவைத்திருந்தார். திறந்து காட்டியபோது கை தட்டினது நான் இல்லை, அவர்.

மூன்றாவதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதமே. நீ என்ன ஆவாய் என்று கேட்டாயே. மறுநாள் காலை ரத்தத்தில் வால் காணோம், அண்ணா. அறுந்த நூலை ஒவ்வொரு அணுவும் தேடிப்பிடித்து, முனையோடு முனை சேர்த்துத் தைத்திருக்கிறது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவில்லை. நான் இதைப் புத்தகத்தில் படித்தவள்தான், பிறருக்குப் பாடம்கூட எடுத்திருக்கிறேன். ஆனால் கூடப்பிறந்தவனின் ரத்தத்தில் பார்ப்பது வேறு. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். மார்க்கெட்டில் நாலு வருஷம், ஹாஸ்டலில் இருபத்தாறு வருஷம். எத்தனை ஆயிரம் தடவை அறுந்து எத்தனை ஆயிரம் தடவை தைத்துக்கொண்டிருக்கும் இந்த உடம்பு!

அதற்காகத் தையல்காரனை ஓயாமல் வேலை வாங்கலாம் என்று அர்த்தமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நேற்று மிஞ்சின ரொட்டியோடு முப்பது கிலோ தூக்கவேண்டாம். ரோப் தொட்டி சரியாகிறவரை ஆள் போட விசிலிடம் டாக்டரம்மாவே பேசிவிட்டார். இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்: பத்துப் பேருக்குக் கீரை நிறுத்து வைக்கிறாயே, நீ ஒரு பிடியாவது சாப்பிடுகிறாயா?

பெட்டி நல்ல பெட்டி என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. எதையும் கொட்டவில்லை. மின்னலிடம் சொல்.

நண்டு


ஜூலை 8

நண்டு,

சொன்னேன். துள்ளிக் குதித்து அடுப்படிக் கதவில் தலையை இடித்துக்கொண்டாள். ஓட்டத்துக்கு முன் இடித்ததால் கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

கீரை நான் தின்றதில்லை. தட்டில் வைக்கிறவன் தட்டுக்குப் போவானா? இன்று காலை உனக்காக ஒரு பிடி கீரையும் பாதி பீட்ரூட்டும் பச்சையாகத் தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து, கடைசித் தடவையாக, அதே இரண்டு நடை ஏறினேன். திட்டாதே. ஆள் நாளைக்குத்தான் வருகிறார். ட்யூப் உள்ளே இருக்கிறது. எண்ணிப் பார்.

ஒரு விஷயம். ராத்திரி ராத்திரி உள்ளே தையல் நடக்கிறது என்று நீ எழுதினதிலிருந்து எனக்குப் படுக்கப்போகும்போது என்னமோ மாதிரி இருக்கிறது. பயம் இல்லை. உன் அண்ணி பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். நாள் முழுக்க அவள் நறுக்கின கை அது. அதற்குள்ளும் இப்போது தைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றையும் கண்ணாடியிலேயே பார்க்கிறாயே, இந்தப் படியை ஒரு நாள் காலால் பார்க்கக்கூடாதா? வா. உனக்கு மூட்டை தரமாட்டேன், கீரைக் கட்டு தருகிறேன்.

அண்ணன்


ஜூலை 17

அண்ணா,

உன் வீட்டிலிருந்து வேனில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை இன்னும் நடுங்குகிறது. மாடிப்படி இறங்க வாட்ச்மேன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். தொட்டிச்செடியைக் கும்பிட்டவள்தானே, பாவம் என்று கை கொடுக்கிறார்.

முதலில் உன் கீரை ட்யூப். வால் குறைவு. எழுபத்து நாலு இருந்த இடத்தில் நாற்பத்தொன்று, அதுவும் குட்டை வால். ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தற்செயலாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா கறாராகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே நாலு தடவை லென்ஸில் பார்த்தார். வால் எல்லாமே கெட்டதும் இல்லையாம். கொஞ்சம் அறுந்தால்தான் உடம்பு தைக்கக் கற்றுக்கொள்ளும் என்கிறார். இருபது பிள்ளைகளின் கணக்கு முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பொறுமையாக எண்ணுவோம்.

அடுத்தது, புதன்கிழமை படி ஏறினதும் நர்ஸ் எடுத்த என் ட்யூப். மற்ற கண்ணாடிகளோடு கலந்துவைத்துத்தான் எண்ணச் சொன்னார்கள். ஒரு கண்ணாடி வந்தது. அண்ணா, வால் என்றால் அப்படி ஒரு வால்! இந்த மாதம் பார்த்ததிலேயே அதுதான் நீளம். எந்தப் பிள்ளையோ தெரியவில்லையே, உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறது என்று பதறிப்போனேன். நம்பரைத் திறந்து பார்த்தால், ஒரு கிலோ கீரைக் கட்டோடு பதினோரு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறின நான்.

முன்னூறாவது படியில் நான் உட்கார்ந்திருந்தபோது நீ மேலே நின்றுகொண்டு, "எந்திரி நண்டு, கீரை வாடுது" என்றாயே. கீரைக்காகத்தான் எழுந்தேன். இத்தனை நாள் காலையில் நீயும் அதற்காகத்தான் எழுந்திருக்கிறாய் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

நேற்று டாக்டரம்மா உன் பழைய படிவத்தை எடுத்துத் திருத்தச் சொன்னார். "கடும் உடல் உழைப்பு" என்ற கட்டத்தில் நீ கொட்டை எழுத்தில் எழுதின "இல்லை"யை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் "தினமும்" என்று எழுதினேன். திருத்தினால் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம், நேரில் பார்த்தவர்கள்தான் போடவேண்டுமாம். இருக்கிறேனே என்று நானே போட்டேன்.

ஓய்வு ரத்தத்துக்கு வேறு ஆள் பிடித்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலையில் இங்கேயே ரத்தம் கொடுப்பார், ட்யூப் பெட்டியில் மேலே வரும், பிள்ளைகள் ட்யூபோடு சேர்ந்து மறுபடி கீழே இறங்கும். போகவர இரண்டு பயணத்தையும் அது தாங்கினால் பெட்டிமேல் இனி யாரும் பழி போட முடியாது. நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிற பெண். அவளைவிட ஓய்வான ஆள் கிடைக்காது என்று டாக்டரம்மாவிடம் நானே சிபாரிசு செய்தேன். பத்திரமாக ஐஸ் வைத்து அனுப்பு.

இப்படிக்கு,
சைபர்